வினாத்தாளை முதலில் படித்தவர்

2022 ஜூலை 14. சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகத்தின் எம்.ஏ. வரலாறு இரண்டாம் பருவத் தேர்வு. தாளின் பெயர், 1800 முதல் 1947 வரை தமிழ்நாட்டின் விடுதலைப் போராட்டம். சரியான விடையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் பகுதியில் ஒரு கேள்வி: தமிழ்நாட்டைச் சேர்ந்த தாழ்ந்த சாதி எது? கீழே நான்கு பெயர்கள். அந்தப் பெயர்களை இங்கே மறுபடி எழுத விருப்பமில்லை.

தேர்வறையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் அந்த நான்கில் தன் சாதியின் பெயரைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். டிக் அடித்தால், தான் தாழ்ந்தவன் என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்ததாகும். விட்டுவிட்டால் மார்க் போகும். கண்காணிப்பாளர் பக்கத்தில் நடந்துகொண்டிருக்கிறார். கடிகாரம் ஓடுகிறது.

அடுத்த நாளுக்குள் அந்த வினாத்தாளின் படம் தமிழ்நாடு முழுக்கச் சுற்றிவிட்டது. எனக்கு அதை அனுப்பியவள் என் சித்தி மகள். தர்மபுரியில் கல்லூரி முடித்தவள். எங்கள் சித்தி வீட்டில் முதல் பட்டதாரி. படத்துக்குக் கீழே ஒரே வரி எழுதியிருந்தாள்: "அண்ணா, இது எங்க யுனிவர்சிட்டிதான்."

இந்தக் கட்டுரை அந்த 'எங்க' என்ற சொல்லைப் பற்றியது. ஒரு பல்கலைக்கழகம் பெரிய சர்ச்சையில் மாட்டிக்கொள்ளும்போது யாரிடம், என்ன, எப்படிப் பேச வேண்டும் என்பது மேலோட்டமாகப் பார்த்தால் பி.ஆர்.ஓ. வேலை. நிஜத்தில் அது, பல்கலைக்கழகத்தின் பெயர் யாருக்குச் சொந்தம் என்கிற கேள்வி.

எங்க யுனிவர்சிட்டி

தர்மபுரி 1965 வரை சேலம் மாவட்டத்தின் பகுதி. அந்த வருடம் அக்டோபர் 2ஆம் தேதி தனி மாவட்டமானது. 2004இல் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. கலெக்டர் ஆபீஸ் தனியாக வந்துவிட்டாலும் பட்டம் மட்டும் இன்றைக்கும் சேலத்திலிருந்துதான் வருகிறது. 1997 செப்டம்பர் 17, பெரியாரின் பிறந்தநாளில் தொடங்கப்பட்ட பெரியார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நான்கு மாவட்டங்களும் வருகின்றன. அரூரிலிருந்தும் பென்னாகரத்திலிருந்தும் பாலக்கோட்டிலிருந்தும் காலை பஸ் பிடித்து அரசுக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளில் பலர் கருப்பூர் வளாகத்தின் வாசலைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் சான்றிதழில் இருக்கும் பெயர் அதுதான்.

அந்தக் கேள்வி தர்மபுரிக்காரர்களுக்குப் பரீட்சைக் கேள்வியாக மட்டும் தெரிந்திருக்க முடியாது. 2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாய் பகுதியில் ஒரு சாதி மறுப்புத் திருமணத்தை ஒட்டி நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. சேதமான வீடுகள் 250க்கும் மேல். அந்தத் திருமணத்தின் மணமகன் இளவரசன் 2013 ஜூலை 4 அன்று ரயில் தண்டவாளம் அருகே இறந்து கிடந்தார். அந்த இடம் தர்மபுரி அரசுக் கலைக் கல்லூரிக்குப் பின்புறம். அது பெரியார் பல்கலைக்கழகத்துடன் இணைந்த கல்லூரி. ஒன்பது வருடம் கழித்து, அதே ஜூலை மாதத்தில், அதே பல்கலைக்கழகம் 'தாழ்ந்த சாதி எது?' என்று கேட்கிறது. அதுவும் பெரியாரின் பெயரில்.

சர்ச்சை எழுந்ததும் பல்கலைக்கழகத்தின் தரப்பைத் துணைவேந்தர் பத்திரிகைகளிடம் சொன்னார். சாரம் இதுதான்: வினாத்தாளை நாங்கள் தயாரிக்கவில்லை, வெளியே வேறு நிறுவனங்களில் இருக்கும் பேராசிரியர்கள் தயாரித்தார்கள். கேள்விகள் கசிந்துவிடக் கூடாது என்பதற்காகத் தேர்வுக்கு முன்னால் வினாத்தாளை நாங்கள் படிப்பதில்லை. விசாரிக்கிறோம். பிறகு மாநில உயர்கல்வித் துறையும் விசாரணைக்கு ஏற்பாடு செய்தது.

அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. வெளியாட்களை வைத்துக் கேள்வித்தாள் எடுப்பது இந்தியப் பல்கலைக்கழகங்களில் வழக்கம்தான். கசிவு பற்றிய பயமும் நியாயமானது. ஆனால் அந்தப் பதிலை நிதானமாகத் திரும்பப் படியுங்கள். தேர்வுக்கு முன் யாரும் படிக்கவில்லை என்றால், பல்கலைக்கழகத்தின் பெயரில் அச்சான அந்தக் கேள்வியைப் பல்கலைக்கழகத்துக்குள் முதலில் படித்தவர் யார்? தேர்வெழுத வந்த மாணவர். இது தற்காப்பாகச் சொல்லப்பட்டது. உண்மையில் அதுதான் அன்றைக்கு வெளிவந்த பெரிய ஒப்புதல் வாக்குமூலம். கேள்வியை எழுதியவர் ஒரு ஆள். யாருமே படிக்காமல் அது மாணவரின் மேசைக்குப் போக வழிவிட்டது ஒரு அமைப்பு. பழி சொல்ல ஆள் தேடியதில் அந்த ஓட்டை பார்வையிலிருந்து தப்பிவிட்டது.

காசு போனவனுக்கு இது எதுக்கு?

நான் மென்பொருள் துறையில் இருப்பவன். எங்கள் உலகத்தில் அசிங்கப்படுவது அடிக்கடி நடக்கும். சர்வர் விழும், டேட்டா போகும், வாடிக்கையாளர் திட்டுவார். அதற்கென்றே சில பழக்கங்கள் உருவாகியிருக்கின்றன. பிரச்சினை தெரிந்த சில நிமிடங்களில் ஸ்டேட்டஸ் பேஜில் ஒரு குறிப்பு போட வேண்டும். என்ன பாதிப்பு, யாருக்குப் பாதிப்பு, எதுவரை தெரியும், அடுத்த தகவல் எத்தனை மணிக்கு. எல்லாம் அடங்கிய பிறகு போஸ்ட்மார்ட்டம் என்று ஒரு அறிக்கை. யார் தப்பு செய்தார் என்று அதில் எழுத மாட்டோம். எந்தக் கதவு திறந்து கிடந்ததால் அந்தத் தப்பு உள்ளே வந்தது என்று எழுதுவோம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த பணப் பரிமாற்றச் சேவை முக்கால் மணி நேரம் படுத்துவிட்டது. முதல் குறிப்பை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. நான் எழுதிய முதல் வாக்கியம்: பிரச்சினை எங்கள் சிஸ்டத்தில் இல்லை, வெளி வெண்டர் ஒருவரின் சர்வரில். அது நூறு சதம் உண்மை. என் மேனேஜர் அந்த வரியை அழித்துவிட்டுக் கேட்டார்: "காசு போனவனுக்கு இது எதுக்குய்யா? அவன் காசு எங்கன்னு மொதல்ல சொல்லு."

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் சர்ச்சைகளைப் பின்னோக்கிப் பார்க்கும்போதெல்லாம் அந்த வாக்கியம்தான் எனக்கு ஞாபகம் வருகிறது.

பல வாய்கள், வாயில்லாத இடம்

2018 ஏப்ரலில் ஒரு ஒலிப்பதிவு வெளியானது. அருப்புக்கோட்டையில், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துடன் இணைந்த ஒரு கல்லூரியின் உதவிப் பேராசிரியை, நான்கு மாணவிகளிடம் உயரதிகாரிகளுக்கு 'ஒத்துழைக்க'ச் சொல்லி, மதிப்பெண்ணும் பணமும் ஆசை காட்டிப் பேசியது அது. பல்கலைக்கழகம் ஒரு விசாரணைக் குழுவை அறிவித்தது. வேந்தரான ஆளுநர் பன்வாரிலால் புரோகித் தனியாக, ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி ஆர். சந்தானத்தை விசாரிக்க நியமித்தார். பல்கலைக்கழகம் தன் குழுவைக் கைவிட்டது. வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. ஒரே விஷயத்துக்கு இத்தனை வாய்கள்.

ஒலிப்பதிவில் தன் பெயரும் அடிபட்டதால் ஏப்ரல் 17 அன்று ஆளுநரே பத்திரிகையாளர்களைச் சந்தித்தார். அந்த ஆசிரியையின் முகத்தைக்கூடத் தான் பார்த்ததில்லை என்றார். சந்திப்பு முடிந்து கிளம்பும்போது, கேள்வி கேட்ட ஒரு பெண் பத்திரிகையாளரின் கன்னத்தைத் தட்டினார். மறுநாள், பேத்தியாக நினைத்துச் செய்தேன் என்று மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு தேசம் முழுக்கப் பேசியது கன்னத்தைப் பற்றி. அந்த நான்கு மாணவிகள் செய்தியிலிருந்தே நழுவிப் போனார்கள். ஆசிரியைக்குப் பத்தாண்டுச் சிறை என்ற தீர்ப்பு 2024 ஏப்ரல் 30 அன்று வந்தது. உடன் குற்றம் சாட்டப்பட்ட இருவர் விடுவிக்கப்பட்டார்கள். ஆறு வருடம்.

அதே 2018 ஆகஸ்டில் அண்ணா பல்கலைக்கழகத்தின் மறுமதிப்பீட்டு ஊழல் வெடித்தது. 2017 ஏப்ரல்-மே தேர்வுக்குப் பின் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்தவர்கள் 3,02,380 பேர். அதில் 73,733 பேர் தேர்ச்சி பெற்றார்கள். 16,636 பேருக்கு மதிப்பெண் கூடியது. பணம் வாங்கிக்கொண்டு மார்க் போட்டார்கள் என்று லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிந்தது. செய்திகளில் இந்த எண்களும் குற்றச்சாட்டும் ஒன்றாகவே வந்துகொண்டிருந்தன. கேட்டவர்கள் காதில் 73,733 பேரும் காசு கொடுத்துப் பாஸ் ஆனவர்கள் என்று விழுந்தது. நிஜமாகவே தாளைத் தப்பாகத் திருத்தி, மறுமதிப்பீட்டில் நியாயம் கிடைத்தவர்கள் அதில் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். நானும் என் காலத்தில் ரீவேல் போட்டுத் தேறியவன்தான். அந்த மாதம் அலுவலகத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார், "உன்னோடது கரெக்ட் பண்ண மார்க்கா, கரெக்டான மார்க்கா?" நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

அன்று எனக்கு வேண்டியிருந்தது, பல்கலைக்கழகத்தின் மாண்பைப் பற்றிய வாக்கியம் அல்ல. எந்தத் தாள்கள் சந்தேகத்தில் உள்ளன, எவை இல்லை என்று பிரித்துச் சொல்லும் ஒரு அட்டவணை. நிறுவனம் மௌனமாக இருந்தால் குற்றவாளிகள் தப்பிப்பது ஒரு பக்கம். நிரபராதிகளும் அதே சாக்கில் சேர்த்துக் கட்டப்படுவது இன்னொரு பக்கம்.

பேசக் கூடாததைப் பேசிவிடுவதும் உண்டு. 2024 டிசம்பர் 23 இரவு, சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு மாணவி பாலியல் வன்முறைக்கு ஆளானார். வெளியிலிருந்து வந்த ஒருவர் கைது செய்யப்பட்டார். அந்த சமயத்தில் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தரே கிடையாது. ஆகஸ்டிலிருந்து பதவி காலியாக இருந்தது. முன்னால் வந்து நின்று பேச வேண்டிய நாற்காலியில் ஆள் இல்லை. இன்னொரு பக்கம், மாணவியின் அடையாளங்களோடு முதல் தகவல் அறிக்கை இணையத்தில் கசிந்தது. இந்திய தண்டனைச் சட்டத்திலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவுக்கு மென்பொருளை மாற்றும்போது ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறு என்று காரணம் சொல்லப்பட்டது.

மைக்ரேஷன் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். கோளாறு வரும் என்றும் தெரியும். ஆனால் எந்தப் பக்கம் கோளாறு ஆனாலும் பூட்டியே இருக்க வேண்டிய கதவு என்று ஒன்று உண்டு. டிசம்பர் 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகளைக் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. அறிக்கை கசிந்ததற்காக மாணவிக்கு இடைக்கால இழப்பீடாக 25 லட்சம் ரூபாய் தர அரசுக்கு உத்தரவிட்டது. அவரிடம் கட்டணம் வாங்காமல் படிப்பை முடிக்க விடும்படி பல்கலைக்கழகத்துக்குச் சொன்னது. முதல் தகவல் அறிக்கையின் நடை, பாதிக்கப்பட்டவர் மீதே பழி போடுவதாக இருக்கிறது என்றும் கண்டித்தது. ஐந்தே நாளில் நீதிமன்றம் செய்த இந்த வேலை, ஒரு நல்ல மக்கள் தொடர்பு அலுவலகம் முதல் நாளே எடுத்து வைத்திருக்க வேண்டிய பட்டியல். அவள் படிப்பு என்ன ஆகும்? அவள் பெயர் எங்கே பாதுகாக்கப்படும்? யார் விசாரிப்பார்கள்? குற்றவாளிக்கு 2025 ஜூன் 2 அன்று, குறைந்தது 30 ஆண்டுகள் சிறையில் கழிக்க வேண்டிய ஆயுள் தண்டனை கிடைத்தது.

முதல் வாக்கியம்

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. 2011 நவம்பரில் அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் முன்னாள் கால்பந்துப் பயிற்சியாளர் ஜெர்ரி சாண்டஸ்கி, பல சிறுவர்களைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கிய குற்றச்சாட்டில் கைதானார். விஷயத்தை மறைத்ததாகப் பல்கலைக்கழக அதிகாரிகள் இருவர் மீதும் குற்றச்சாட்டு. அன்றைக்கே அதன் தலைவர் கிரஹாம் ஸ்பேனியர் அறிக்கை விட்டார். அந்த இரு அதிகாரிகளுக்கும் தன் நிபந்தனையற்ற ஆதரவு என்றார். நான்கு நாளில் அவர் பதவியே போயிற்று.

பிறகு நிர்வாகக் குழு எஃப்.பி.ஐ.யின் முன்னாள் இயக்குநர் லூயிஸ் ஃப்ரீயை வைத்து விசாரித்தது. 267 பக்க அறிக்கை 2012 ஜூலையில் இணையத்தில் எல்லோரும் படிக்கும்படி வெளியானது. கெட்ட பெயர் வந்துவிடுமோ என்ற பயத்தில்தான் பெரிய தலைகள் உண்மையை மறைத்தார்கள் என்றது அந்த அறிக்கை. அதன் முடிவுகளை மறுத்தவர்களும் உண்டு. ஆனால் மறுப்பதற்கு முன்னால் அறிக்கை என்று ஒன்று எல்லோர் கையிலும் இருந்தது. நம் ஊரில் விசாரணைக் குழு அமைத்த செய்தி முதல் பக்கத்தில் வரும். அந்தக் குழு என்ன கண்டுபிடித்தது என்று தெரிந்துகொள்ளத்தான் வழக்குப் போட வேண்டியிருக்கும்.

இத்தனைக்கும் நம்மிடம் சட்டம் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் என்றால், பத்து ரூபாய் கட்டி மனுப் போடுவது என்றுதான் நாம் புரிந்துவைத்திருக்கிறோம். அதன் 4ஆவது பிரிவு, யாரும் கேட்காமலேயே பொது நிறுவனங்கள் தாமாக வெளியிட வேண்டியதைச் சொல்கிறது. பொதுமக்களைப் பாதிக்கும் முடிவுகளை அறிவிக்கும்போது தொடர்புள்ள எல்லா உண்மைகளையும் வெளியிட வேண்டும். நிர்வாக முடிவுகளுக்கான காரணத்தை, பாதிக்கப்பட்டவருக்குச் சொல்ல வேண்டும். அதையும் உள்ளூர் மொழியைக் கருத்தில் வைத்துச் செய்ய வேண்டும். அரசுப் பல்கலைக்கழகங்கள் எல்லாம் இதற்குக் கட்டுப்பட்டவை. நெருக்கடியில் என்ன பேசுவது என்று ஆலோசனை சொல்ல எந்த ஏஜென்சியும் வேண்டாம். சட்டத்தின் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதினால் போதும்.

பெரியார் பல்கலைக்கழகத்துக்கு 2022 ஜூலையில் நான் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்திருந்தால் இப்படி எழுதியிருப்பேன்:

'எம்.ஏ. வரலாறு தேர்வில் மாணவர்களைச் சாதியால் இழிவுபடுத்தும் கேள்வி ஒன்று இடம்பெற்றது. அதைப் படிக்க நேர்ந்த ஒவ்வொரு மாணவரிடமும் மன்னிப்புக் கேட்கிறோம். அந்தக் கேள்விக்கான மதிப்பெண் எல்லோருக்கும் வழங்கப்படும். கேள்வித்தாளைத் தயாரித்தவர் வெளியாள். அதை அச்சிட்டு மாணவர் கையில் கொடுத்தது நாங்கள். அதற்கு முன் இங்கே யாரும் அதைப் படிக்கவில்லை. ஏன் அப்படி ஒரு நடைமுறை இருந்தது, இனி ரகசியம் கெடாமல் யார் படித்துப் பார்ப்பார் என்பதை அடுத்த வியாழக்கிழமை மாலை 5 மணிக்குத் தெரிவிப்போம். தெரிவிக்க முடியாவிட்டால், ஏன் முடியவில்லை என்று அதே நேரத்தில் சொல்வோம்.'

இதில் ஜோடனை எதுவும் கிடையாது. பாதிக்கப்பட்டவர் முதல் வரியில் இருக்கிறார், பல்கலைக்கழகம் பிறகு வருகிறது. அவ்வளவுதான். குற்றம் செய்தவர் என்று யார் பெயரும் இல்லை. விசாரணை முடியும் முன் ஒருவரைப் பலி கொடுப்பதும் மக்கள் தொடர்பு என்ற பெயரில் நடக்கிற அநியாயம்தான். மாட்டியவர் ஒரு தற்காலிக ஊழியராக இருந்தால், பெயர் சீக்கிரமே வெளியே வந்துவிடும் என்பதையும் பார்த்திருக்கிறோம்.

"இப்படி ஒப்புக்கொண்டால் நாளைக்குக் கோர்ட்டில் இதையே காட்டுவார்களே" என்று வக்கீல்கள் கேட்பார்கள். காட்டுவார்கள்தான். ஆனால் வினாத்தாள் ஏற்கெனவே எல்லார் போனிலும் இருக்கிறது. முழுப் பூசணிக்காய் சோற்றுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும்போது இன்னும் சோறு போட்டு என்ன பிரயோஜனம்?

அரசியல் சூழலும் உண்மையான தடைதான். ஆளுநருக்கும் அரசுக்கும் நடுவில் துணைவேந்தர்கள் நசுங்குகிறார்கள். எந்த வாக்கியம் எந்தப் பக்கத்துக்குக் கோபம் வரவைக்கும் என்று எண்ணிப் பார்த்தே பேச வேண்டியிருக்கிறது. அப்படி எண்ணும்போது சென்னையில் இருக்கும் இரண்டு மாளிகைகள் கணக்கில் வருகின்றன. பாலக்கோட்டில் சான்றிதழைப் பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு பீரோவில் வைத்திருக்கும் வீடு கணக்கில் வருவதில்லை. மக்கள் தொடர்பு என்ற சொல்லில் இருக்கும் 'மக்கள்' அந்த வீடுதான் என்று நான் நினைக்கிறேன். பல்கலைக்கழகத்தின் பெயரை நேர்முகத் தேர்வுக்குக் கொண்டுபோவதும், கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பக்கத்தில் பட்டமாகப் போடுவதும் அவர்கள்தான். துணைவேந்தர் மூன்று வருடத்தில் போய்விடுவார்.

அன்று இரவு சித்தி மகளுக்குப் போன் செய்தேன். விசாரணை வைத்திருக்கிறார்கள், வெளியாள் எடுத்த கேள்வியாம் என்று செய்தியில் படித்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு கேட்டாள்.

"ஏண்ணா, கேள்வி எடுத்தா ஆன்சர் கீயும் போட்டுத்தானே குடுக்கணும்? அதுல எதுக்கு டிக் போட்டிருந்தாங்களாம்?"